மாதிரிகளை டிஜிட்டல் ஆக்கும் பயிற்சிப்பட்டறை, மட்டக்களப்பு: மூன்று நாளில் எதை வைப்பது, எதை விடுவது?

வாவிக்கரை · ஓகஸ்ட் 4, இரவு 9.10

செப்டெம்பர் கடைசியில், மழை தொடங்க முதல், மட்டக்களப்பில் மூன்று நாள் பயிற்சிப்பட்டறை ஒன்று வைக்கப் போறம். தாவர, விலங்கு மாதிரிகளைப் பராமரிப்பதும் டிஜிட்டல் ஆக்குவதும்தான் விசயம். பதினாறு பேர் வருவார்கள்: ஆய்வுகூட உதவியாளர்கள், வந்தாறுமூலை, சம்மாந்துறைப் பல்கலைக்கழக மாணவர்கள், உயர்தர உயிரியல் ஆசிரியர்கள் சிலர், வனஜீவராசிகள் பக்கமிருந்து இருவர். கையில் இருப்பவை ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட உலர்தாவரத் தாள்கள் (செடியை அழுத்தி உலர்த்தி ஒட்டியவை), வாவி மீன் போத்தல்கள் மூன்று தட்டு, பூச்சிப் பெட்டிகள் சில. 24 மெகாபிக்சல் கமரா ஒன்று, லப்டொப் இரண்டு.

திட்டம் இப்படி: முதல்நாள் படம் எடுத்தல், இரண்டாம் நாள் தரவுப் பதிவு, மூன்றாம் நாள் இணையத்தில் ஏற்றல். மூச்சுவிடாமல் வேலை செய்தால் தாள்களில் பாதியை முடிக்கலாம் என்று நினைக்கிறன். படம் எடுத்து எக்செலில் போட்டால் டிஜிட்டல் ஆக்கியாச்சுத்தானே? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

கண்ணாக்காடு · ஓகஸ்ட் 4, இரவு 10.45

முதல்நாளே கமராவைத் தூக்காதீங்க தம்பி. அதற்கு முதல் மாதிரியில் பூச்சி இருக்கக் கூடாது, மாதிரி தன் இடத்தில் இருக்க வேணும், அதற்கு ஓர் இலக்கம் இருக்க வேணும். இலக்கமில்லாத தாளைப் படமெடுத்தால் அந்தப் படத்தை நாளைக்கு எந்தத் தாளோடு சேர்ப்பீங்க? மாதிரிகளை டிஜிட்டல் ஆக்கும் அமெரிக்காவின் ஐடிக்பயோ திட்டம் 2011இல் தொடங்கி இந்தப் பயிற்சிகளை நிறைய நடத்தியிருக்கு. அவர்கள் வேலையை ஐந்தாகப் பிரிக்கிறார்கள்: முன்னாயத்தமும் பராமரிப்பும், படம் எடுத்தல், படத்தைச் சீராக்கல், தரவைப் பதிதல், இடக்குறிப்புக்கு ஆள்கூறு (அகலாங்கு, நெட்டாங்கு) கொடுத்தல். உங்கட திட்டத்தில் முதலாவதும் கடைசியும் இல்லவே இல்லை.

உறையவைப்பதைப் பட்டறைக்கு முன்னாலேயே முடிக்க வேணும், அதை மூன்று நாளுக்குள் அடக்க ஏலாது. தாள்களை 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மேற்படாத கட்டுகளாகக் கட்டுங்க. தடிப்பு கூடினால் நடுவில் குளிர் போய்ச் சேர நாளெடுக்கும். ஒவ்வொரு கட்டையும் தடித்த பொலித்தீன் பையில் இட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை டேப்பால் ஒட்டுங்க. -20 பாகை செல்சியசில் ஒரு கிழமை. வெளியே எடுத்தபின் 24 மணித்தியாலம் பையைத் திறக்காதீங்க. நம்ம ஊர்க் காற்றில் குளிர்ந்த தாள் பட்ட உடனே நீர் பிடிக்கும், அந்த நீரில் ஒரு கிழமைக்குள் பூஞ்சணம் வரும்.

உறையவைத்த தாளை உறையவைக்காத தாள் இருக்கும் அலுமாரிக்குள் திரும்ப வைத்தால் செய்த வேலை முழுதும் வீண். அலுமாரியை முதல் வெறுமையாக்கி, மூலைகளை வெற்றிடத் துப்புரவியால் உறிஞ்சி, பிறகு வையுங்க.

உலர்பெட்டி · ஓகஸ்ட் 5, காலை 6.30

கண்ணாக்காடு அக்கா சொன்ன ஒரு கிழமை ஆய்வுகூட உறைபெட்டிக்குச் சரி. வீட்டில் பாவிக்கும் பெட்டி -18 வரைதான் போகும், கதவைத் திறந்து மூடினால் அதுவும் இல்லை. அதற்கு இரண்டு கிழமை வையுங்க. -30 போகும் பெட்டி கிடைத்தால் மூன்று நாள் போதும். முக்கியம், குளிர் சட்டென்று இறங்க வேணும். மெல்ல மெல்லக் குளிர்ந்தால், உலர்ந்த செடியைத் தின்னும் சிகரெட் வண்டின் புழு அதற்குப் பழகித் தப்பிவிடும். பெட்டியை வெறுமையாக ஓடவிட்டு அடிமட்டத்துக்கு இறங்கியபின் கட்டுகளை வையுங்க. உச்சம், தாழ்வு இரண்டையும் பதியும் வெப்பமானி ஒன்றை உள்ளே விடுங்க. மின்வெட்டில் வெப்பநிலை -10க்கு மேல் ஏறியிருந்தால் நாட்கணக்கை முதலிலிருந்து தொடங்குங்க.

அக்கரைப்பற்றான் · ஓகஸ்ட் 5, இரவு 8.20

தாளைப் பற்றி எல்லாரும் கதைக்கிறீங்க, போத்தலைப் பற்றி ஆரும் வாய்திறக்கல்ல. மீன் போத்தல் மூன்று தட்டு என்றால் அதற்கு அரைநாளாவது ஒதுக்க வேணும்.

திறந்ததும் மூக்கைச் சுடுகிற போத்தல்கள் போர்மலினில் இருக்கு, அவற்றைத் தனியாக எடுத்து வையுங்க. பதித்துக் காப்பதற்குத்தான் 10 வீத போர்மலின்: கடைப் போர்மலின் ஒரு பங்கு, நீர் ஒன்பது பங்கு. அது நாளாக அமிலமாகி எலும்பைக் கரைக்கும். அதைத் தடுக்க லீற்றருக்கு சோடியம் பொஸ்பேற்று இரண்டு வகை: ஒற்றை ஐதரசன் உள்ளது 6.5 கிராம், இரட்டை ஐதரசன் உள்ளது 4 கிராம். திரவம் மீனின் கனவளவைப் போலப் பத்து மடங்காவது இருக்க வேணும். 10 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட மீனுக்கு வயிற்றின் வலப்பக்கத்தில் ஒரு கீறல் போடுங்க, இல்லாட்டி உள்ளே அழுகும். இடப்பக்கத்தைத் தொடாதீங்க. அளவெடுப்பதும் படமெடுப்பதும் அந்தப் பக்கத்தில்தான், தலை இடப்பக்கம் பார்க்க. ஒரு கிழமை கழிய நீரில் இரண்டு மூன்று நாள், நீரை மாற்றி மாற்றிக் கழுவி, 50 வீத எதனோலில் வைத்து, பிறகு 70க்கு மாற்றுங்க.

70 வீதம் கலக்கும் விதம்: 95 வீத ஸ்பிரிட் 700 மில்லிலீற்றர் எடுத்து 950 குறிவரை வடிநீர் விடுங்க. ஸ்பிரிட்டுக்கு மதுவரித் திணைக்கள அனுமதி வேணும், இன்றைக்கே கடிதம் எழுதினால்தான் செப்டெம்பருக்குக் கையில் கிடைக்கும்.

மரபணு ஆய்வு பிறகு எப்போதாவது வரலாம் என்று நினைத்தால் போர்மலினில் போட முதல் தசைத் துண்டு ஒன்றை வெட்டி 95 வீதத்தில் தனிக்குழாயில் வையுங்க. போர்மலின் பட்ட பிறகு அதை மீட்பது பெரும்பாடு.

சுட்டி (லேபல்) எப்பவும் போத்தலுக்குள்ளே, மீனோடு. வெளியே ஒட்டினது விழும். பருத்திக் கடதாசியில் பென்சிலால் அல்லது இந்தியன் மையால் எழுதுங்க. லேசர் பிரிண்டரில் அடித்த எழுத்து எதனோலில் சில வருசத்தில் உரிந்து அடியில் கறுப்புத் தூளாகக் கிடக்கும். இங்க்ஜெட் அன்றைக்கே கரையும். தகர மூடி போட்ட போத்தல்களை முதல் மாற்றுங்க. கடற்காற்றில் துரு பிடித்து, துருநீர் உள்ளே இறங்கி, மீனெல்லாம் செம்மஞ்சளாகும். பொலிப்புறொப்பிலீன் மூடி நல்லம்.

வாவிக்கரை · ஓகஸ்ட் 6, பகல் 12.40

நானா, மட்டம் குறைஞ்ச போத்தல்களுக்கு 70 வீதத்தை விட்டு நிரப்பினால் சரியா?

அக்கரைப்பற்றான் · ஓகஸ்ட் 6, பகல் 1.15

சரியில்லை. ஆவியாகும்போது நீரை விட எதனோல்தான் கூடப் போகும். மிஞ்சியிருப்பது 70 இல்லை, 60 ஆகவோ 50 ஆகவோ இருக்கலாம், அதற்கு மேல் 70 விட்டால் 70க்கு வராது. ஹைட்ரோமீட்டரால் அளந்து, குறைவுக்கு ஏற்ப 95 விடுங்க. 50க்குக் கீழ் இறங்கியிருந்தால் முழுத் திரவத்தையும் மாற்றுங்க. வெளியே ஊற்றும் பழைய திரவத்தைச் சல்லடை ஒன்றால் வடியுங்க, செதிலும் கழன்ற சுட்டியும் அதில் நிற்கும்.

உலர்பெட்டி · ஓகஸ்ட் 6, இரவு 7.05

ஹைட்ரோமீட்டரில் பொறித்திருக்கும் வெப்பநிலையைப் பாருங்க, பெரும்பாலும் 20 பாகை. நம்ம அறை 30. சூட்டில் திரவம் அடர்த்தி குறையும், மீட்டர் 3 முதல் 4 வீதம் வரை கூட்டிக் காட்டும். 70 என்று காட்டினால் உண்மை 66 அல்லது 67. திருத்த அட்டவணையைப் பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டுங்க.

இன்னொன்று. 70 வீத எதனோல் 17 பாகையளவிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். மட்டக்களப்பில் அந்தக் குளிர் எந்த இரவிலும் வராது. அதாவது திறந்த போத்தல் உள்ள அறை எப்போதும் தீப்பற்றக்கூடிய அறை. திரவம் மாற்றும் மேசைக்குப் பக்கத்தில் கேத்தல், சோல்டரிங், நீட்டு வயர் ஒன்றும் வேண்டாம், சன்னல் திறந்திருக்கட்டும்.

முக்காலி · ஓகஸ்ட் 7, இரவு 11.30

கமரா பற்றி. 24 மெகாபிக்சல் என்றால் 6000க்கு 4000 புள்ளி. உலர்தாவரத் தாள் 42க்கு 29 சென்ரிமீற்றர், அதாவது 16.5க்கு 11.5 அங்குலம். அளவுகோலுக்கும் நிற அட்டைக்கும் ஓரம் விட்டு 18க்கு 12 அங்குலப் பரப்பைச் சட்டகத்துக்குள் அடக்கினால் அங்குலத்துக்கு 333 புள்ளி கிடைக்கும். சாதாரணத் தாளுக்கு அது தாராளம், பூவிதழின் மயிர் ஓரளவு தெரியும். டைப் மாதிரிக்கு (ஓர் இனத்துக்குப் பெயர் வைக்க அடிப்படையான மாதிரி) மட்டும் 600 கேட்பார்கள். அதே பரப்புக்கு அது 78 மெகாபிக்சல், இந்தக் கமராவால் ஏலாது. அப்படியானது ஒன்றிரண்டு இருந்தால் பேராதனைத் தேசிய ஹேர்பேரியத்துடன் (உலர்தாவரக் காப்பகம்) கதைத்துப் பாருங்க.

50 அல்லது 60 மில்லிமீற்றர் மேக்ரோ லென்ஸ். சூம் லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்தால் தன் பாரத்தில் மெல்ல நீளும், நூறாவது தாளில் அளவு மாறியிருக்கும், ஆரும் கவனிக்கமாட்டார்கள். வேறு லென்ஸ் இல்லாவிட்டால் வளையத்தை டேப்பால் இறுக்குங்க. எல்லாம் கையால் அமையுங்க: ஐஎஸ்ஓ 100, துவாரம் எஃப் 8. நம்ம மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மலிவு எல்ஈடி விளக்கு அதன் இருமடங்கில் துடிக்கும், வேகமான ஷட்டரில் படத்தில் பட்டை விழும். 1/50 அல்லது 1/25 வையுங்க. விளக்கு இரண்டு, இருபக்கமும் 45 பாகையில். சன்னலைக் கறுப்புத் துணியால் மூடுங்க, முகில் நகரும்போதெல்லாம் நிறம் மாறும். சீலிங் ஃபேனை நிறுத்துங்க, இலை அசையும். வியர்க்கும்தான், வேறு வழியில்லை.

கமரா தாளுக்கு நேர் சமாந்தரமா என்று பார்க்கக் காசு செலவழிக்கத் தேவையில்லை. அடித்தட்டின் நடுவில் சின்ன முகக்கண்ணாடி ஒன்றை வைத்து, அதற்குள் தெரியும் லென்ஸின் விம்பம் படத்தின் சரி நடுவில் வரும்வரை கமராவைச் சரியுங்க. அவ்வளவுதான்.

முக்காலி · ஓகஸ்ட் 8, காலை 5.50

சேமிப்புக் கணக்கை இராத்திரி விட்டிட்டன். கமரா அப்படியே தரும் றோ பைல் ஒன்று 25 முதல் 30 மெகாபைட். சுருக்காத எட்டு பிட் டிஃப் படமாக்கினால் 72. ஆயிரம் தாளுக்கு டிஃப் மட்டும் 72 கிகாபைட். றோவையும் நல்ல தரமான ஜேபெக்கையும் வைத்தாலே போதும் என்பது என் முடிவு.

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில். வேறிடம் என்பது அடுத்த அறை இல்லை. 1978 நவம்பர் 23 சூறாவளியையும் 2004 டிசம்பர் 26 கடலையும் பார்த்த ஊர் இது. கல்லடி, நாவலடிப் பக்கம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மூன்று பிரதியும் இருந்தால் அது ஒரு பிரதிக்குச் சமன். ஒன்றைக் கண்டிக்கோ பதுளைக்கோ அனுப்புங்க. பிரதி எடுத்ததும், அது அசலோடு அச்சொட்டாகப் பொருந்துதா என்று பார்க்கும் எம்டி5 சரிபார்ப்பு ஓட்டுங்க. பாதியில் கரண்ட் போய்க் குறையாக விழுந்த பைல் பெயரளவில் முழுதாகத்தான் தெரியும்.

கண்ணாக்காடு · ஓகஸ்ட் 8, இரவு 9.00

பைல் பெயர் பார்கோட் இலக்கமாக மட்டும் இருக்கட்டும். தாவரப் பெயரை அதில் போடாதீங்க. அடையாளம் திருத்தப்படும், இலக்கம் மாறாது.

பார்கோட் ஸ்டிக்கருக்கு வருவம். பில் அடிக்கும் மெசினில் வரும் வகை வெப்பத்துக்குக் கறுக்கும் கடதாசி, இரண்டு மூன்று வருசத்தில் வெறும் வெள்ளையாகும். ரெசின் ரிபன் போட்டு அச்சிடும் வகை வேணும். பசை அமிலமற்றதாக இருக்க வேணும். தாளில் சுட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்க. பழைய கையெழுத்துக் குறிப்பின் மேல், விதைக் கடதாசி உறையின் மேல், பின்பக்கத்தில் ஒட்டாதீங்க. போத்தலுக்கு ஒட்டுவதில்லை, இலக்கத்தை உள்சுட்டியிலேயே எழுதுவது. பூச்சிக்கு ஊசியில் கீழே கோர்க்கும் தனிச் சுட்டி. ஊசியிலிருந்து பழைய சுட்டியைக் கழற்றப் புதியவர்களை விடாதீங்க, கால் உடையும். பக்கத்திலிருந்து படமெடுத்து வாசிக்கலாம்.

உலர்பெட்டி · ஓகஸ்ட் 9, இரவு 8.45

எக்செல் பற்றி ஒருமணித்தியால வகுப்பே வைக்கலாம், வையுங்க.

தட்டத் தொடங்க முதல் எல்லா நிரல்களையும் எழுத்துவகை (Text) ஆக்குங்க. இல்லாவிட்டால் 000417 என்ற இலக்கம் 417 ஆகும். திகதியை ஒரே கட்டத்தில் போடாதீங்க. நாள், மாதம், ஆண்டு மூன்று நிரல், நாலாவதில் சுட்டியில் உள்ளபடியே. 3/4/32 என்பது மூன்றாம் திகதி ஏப்ரலா, நாலாம் திகதி மார்ச்சா? பிரித்தானியர் காலச் சுட்டி என்றால் பெரும்பாலும் முதலாவது, மென்பொருளுக்கு அது தெரியாது. மாதத்தை உரோம இலக்கத்தில் எழுதியிருந்தால் ஐயமில்லை. இரண்டு இலக்க ஆண்டை மென்பொருள் தானே நிரப்பும், 1912இல் எடுத்தது 2012 ஆகும். 1900க்கு முந்திய திகதியை எக்செல் திகதியாகவே ஏற்காது.

கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுக்கும் பழக்கம்தான் ஆபத்து. ஒரே இடத்தில் எடுத்த இருபது தாளுக்கு ஆள்கூறை நிரப்ப இழுத்தால் சிலவேளை எண் கூடிக்கொண்டே போகும். 81.7, 82.7, 83.7 என்று தாவரங்கள் வங்காள விரிகுடாவுக்குள் நடந்து போகும். பிரதி எடுத்து ஒட்டுங்க.

தமிழில் பதிவதென்றால் யூனிகோட் மட்டும். இங்கே அலுவலகங்களில் பாமினி எழுத்துரு இன்னும் ஓடுது, அதில் தட்டியது அடுத்த கணினியில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் திறக்கும். யூனிகோட்டில் தட்டினாலும் சேமிக்கும்போது யுடிஎஃப் 8 சிஎஸ்வி என்பதைத் தெரியுங்க, சாதாரண சிஎஸ்வி தமிழ் முழுவதையும் கேள்விக்குறியாக்கும்.

பதிந்து முடிய, தரவைத் துப்புரவாக்கும் ஓபன்ரிஃபைன் மென்பொருளில் போட்டுப் பாருங்க, இலவசம். ஒரே சேகரிப்பாளரின் பெயர் ஏழு விதமாக எழுதப்பட்டிருப்பதைத் திரட்டிக் காட்டும். நிரல்களின் பெயருக்கு, உயிரினத் தரவுக்கு உலகம் பாவிக்கும் டார்வின் கோர் சொற்களையே தொடக்கத்திலிருந்து பாவியுங்க. பிறகு ஜிபிஐஎஃப் போன்ற உலக உயிரினத் தரவுத்தளத்துக்குக் கொடுக்கும்போது மாற்றியமைக்கும் வேலை இல்லை.

மைல்கல் · ஓகஸ்ட் 10, மாலை 4.30

ஆள்கூறு கொடுப்பதை மூன்றாம் நாளின் முழு வேலையாக்குங்கள். இணையத்தில் ஏற்றுவதை விட்டுவிடலாம். தவறான ஆள்கூறோடு ஏற்றுவதை விட ஏற்றாமல் வைத்திருப்பது நல்லது.

மட்டக்களப்பு என்று மட்டும் எழுதிய சுட்டிகள் நிச்சயம் இருக்கும். முதலில் ஆண்டைப் பாருங்கள். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திய சுட்டியில் மட்டக்களப்பு மாவட்டம் என்றிருந்தால் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில், பாணமை எல்லாம் அதற்குள் வரும். நகரத்தின் நடுவில் ஒரு புள்ளியைக் குத்திவிட்டுப் போவது பொய்த் தகவல். புள்ளியோடு பிழை வரம்பையும் மீற்றரில் கொடுக்க வேண்டும். மாவட்டம் மட்டும் தெரிந்தால் அந்த வரம்பு பல பத்துக் கிலோமீற்றராக இருக்கும், இருக்கட்டும். ஆய்வாளர் தேவைக்கேற்ப வடிகட்டிக் கொள்வார்.

யால கிழக்கு என்ற சுட்டி இன்றைய குமண. பெயர் மாறியது 2006இல். ஆங்கிலேயர் பேரன்ஸ் கப் என்று எழுதியது குடும்பிமலை, சிங்களத்தில் தொப்பிகல. அதைப் பாணமைக்குத் தெற்கே உள்ள குடும்பிகலவோடு குழப்பினால் மாதிரி 100 கிலோமீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். புதுக்குடியிருப்பு என்றால் ஆரையம்பதிக்கு அருகிலுள்ளதா, முல்லைத்தீவிலுள்ளதா என்று சேகரிப்பாளரின் அந்தக் கிழமைப் பயணத்தை மற்றச் சுட்டிகளில் தேடிப் பாருங்கள். கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. அதற்கு முன் பட்டிப்பளை ஆற்றோரம் எடுத்த மாதிரி சிலவற்றின் இடம் இன்று சேனாநாயக்க சமுத்திரத்துக்குள் இருக்கும். புள்ளி நீருக்குள் விழுகிறதே என்று கரைக்குத் தள்ளாதீர்கள், ஒரு மைலை ஓரங்குலமாக வரைந்த பழைய வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்.

பதுளை வீதியில் ஆறு மைல் என்று இருந்தால் அது வீதி வழியாக அளந்தது, வானத்தால் இல்லை. 6 மைல் 9.7 கிலோமீற்றர். முழு எண்ணாகச் சொன்னபடியால் ஒரு மைல் முன்பின் என்று எடுத்து, ஊரின் பரப்பையும் சேர்த்துப் பிழை வரம்பைக் கணக்கிடுங்கள்.

வாவிக்கரை · ஓகஸ்ட் 10, இரவு 9.20

சேர், அப்ப 1961க்கு முந்திய கல்முனைச் சுட்டிகளில் மாவட்டத்தை அம்பாறை என்று மாற்றிப் பதியலாம்தானே?

மைல்கல் · ஓகஸ்ட் 10, இரவு 10.05

சுட்டியில் உள்ளதை மாற்றவே கூடாது. இடத்துக்கு இரண்டு நிரல். ஒன்றில் சுட்டியில் உள்ளபடி, எழுத்துப் பிழை உட்பட. மற்றதில் இன்றைய மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, ஊர். எப்படி முடிவெடுத்தீர்கள், எந்த வரைபடம், யார், எந்தத் திகதி என்பதற்கு இன்னொரு நிரல். பத்து வருடம் கழித்து வருபவர் உங்கள் முடிவைச் சோதிக்க வேண்டுமே.

நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடம் கண்டவளை என்ற அளவைத் தளத்தில் (ஆள்கூறு எண்ணும் அடிப்படை) இருக்கும், கைபேசி ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகத் தளத்தில். மாற்றாமல் எடுத்து ஒட்டினால் இங்கே 200 மீற்றருக்குக் குறையாமல் விலகும். வாவியின் ஒடுங்கிய இடத்தில் அது இக்கரை அக்கரை. கட்ட எண்ணைப் பார்த்தாலே எந்த முறை என்று தெரியும்: மட்டக்களப்பு நகரத்தின் கிழக்கெண் (கிழக்குத் திசையில் எண்ணும் மீற்றர்) பழைய மீற்றர்க் கட்டத்தில் ஏறத்தாழ 302,000, 1999 கட்டத்தில் 602,000. இரண்டுக்கும் தொடக்கப்புள்ளி பிதுருதலாகல, கூட்டும் எண் மட்டும் 200,000, 500,000 என்று வேறுபடும்.

எல்லாம் முடிந்ததும் புள்ளிகளை வரைபடத்தில் கொட்டிப் பாருங்கள். அகலாங்கும் நெட்டாங்கும் இடம் மாறியவை ஆட்டிக் சமுத்திரத்தில் கிடக்கும், உடனே தெரியும். அரைப் பாகை தவறியவைதான் கண்ணுக்குத் தப்பும்.

அக்கரைப்பற்றான் · ஓகஸ்ட் 11, இரவு 8.00

வனஜீவராசிகள் ஆக்கள் வாறபடியால் இதையும் வையுங்க. நட்சத்திர ஆமை போன்றவை எடுத்த இடத்தைத் துல்லியமாக இணையத்தில் போட்டால் கடத்துபவனுக்கு வழிகாட்டினதாப் போகும். அது 2019இல், வனஜீவராசி வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதலாம் அட்டவணைக்குப் போனது சும்மா இல்லை. வெளியே கொடுக்கும்போது ஆள்கூறைத் தசமம் ஒன்றுக்குக் குறையுங்க, அது 11 கிலோமீற்றர்க் கட்டம். குறைத்திருக்கு என்று அதற்குரிய நிரலில் எழுதுங்க. முழு ஆள்கூறு உங்கட தரவுத்தளத்தில் இருக்கட்டும். எந்த இனங்கள் என்ற பட்டியலைப் பட்டறையிலேயே அவர்களோடு இருந்து தயாரியுங்க.

கண்ணாக்காடு · ஓகஸ்ட் 12, காலை 7.15

நஞ்சு. இதை முதல்நாள் முதல் அரைமணித்தியாலத்தில் சொல்ல வேணும். பழைய தாள்களுக்குப் பூச்சிக்காக மேர்க்குரிக் குளோரைட்டு பூசியிருப்பார்கள். செடியைச் சுற்றித் தாள் சாம்பலாகக் கறுத்திருந்தால், நஞ்சூட்டியது என்ற முத்திரை இருந்தால் சந்தேகப்படுங்க. பூட்டிய அலுமாரியைத் திறந்ததும் அரைமணி வெளியே நில்லுங்க. நைட்ரைல் கையுறை போடுங்க. தூசி முகக்கவசம் பாதரச ஆவியைத் தடுக்காது, காற்றோட்டம்தான் காவல். பழைய பாடம் செய்த பறவை, விலங்குகளில் ஆசனிக்கு: இறகின் அடியிலும் கண்குழியிலும் வெள்ளைத் தூள். ஆசிரியர்கள் அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. அந்த அறையில் தேத்தண்ணி, வடை எதுவும் வேண்டாம்.

நப்தலீன் உருண்டையும் வேண்டாம். வேலை செய்பவரின் மூச்சுக்குக் கேடு, வண்டைக் கொல்வதில் நம்ப ஏலாது.

உலர்பெட்டி · ஓகஸ்ட் 12, இரவு 9.30

ஏசி பற்றி ஆரும் கேட்கவில்லை, கேட்க முதலே சொல்றன். காலையில் போட்டு மாலையில் நிறுத்தும் ஏசி, ஏசி இல்லாததை விட மோசம். பகல் முழுவதும் சுவரும் இரும்பு அலுமாரியும் குளிரும். நிறுத்தியதும் ஈரக்காற்று உள்ளே கசிந்து குளிர்ந்த பரப்பில் நீராகப் படியும். மார்கழியில் அலுமாரியின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்க. 24 மணித்தியாலமும் ஓட்டக் காசில்லையென்றால் ஏசியை விட்டு ஈரப்பதன் நீக்கியும் றப்பர் விளிம்பு வைத்த இறுக்கமான அலுமாரியும் வாங்குங்க. ஈரப்பதன் 60 வீதத்துக்குக் கீழே, ஏற்ற இறக்கம் குறைவாக. 65ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம். பதிகருவி ஒன்றை அலுமாரிக்குள்ளும் ஒன்றை அறையிலும் வைத்தால் வித்தியாசம் தெரியும். சிலிக்கா ஜெல் என்றால் செம்மஞ்சள் வகை, நீலத்தில் கோபால்ட் இருக்கு. நிறம் மாறினால் 120 பாகையில் சூடாக்கி மீளப் பாவிக்கலாம்.

அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்க. 2011 ஜனவரி வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று அந்தக் கட்டடத்தில் உள்ளவர்களிடம் கேட்டு அதற்கு மேலே கீழ்த்தட்டு வரட்டும்.

வாவிக்கரை · ஓகஸ்ட் 14, இரவு 10.10

திட்டத்தை மாற்றியாச்சு. செப்டெம்பர் முதல் கிழமை தாள்கள் உறைபெட்டிக்குள். முதல்நாள் காலை நஞ்சும் தீயும், பிறகு மாதிரி பழுது பார்த்தல், இலக்கமிடல், பின்னேரம் போத்தல். இரண்டாம் நாள் நாலு பேர் கொண்ட குழுவாகப் படமும் பதிவும் மாறி மாறி. மூன்றாம் நாள் முழுக்க ஆள்கூறு. இணையத்தில் ஏற்றுவது இல்லை. எத்தனை தாள் முடியும் என்று எதிர்பார்க்கலாம்?

முக்காலி · ஓகஸ்ட் 14, இரவு 10.50

பழகிய இருவர், ஒருவர் தாள் மாற்ற ஒருவர் ஷட்டர் அமுக்க, மணித்தியாலத்துக்கு 50, 60 எடுப்பார்கள். புதியவர்கள் 20. பதிவு அதை விட மெல்ல, கையெழுத்துச் சுட்டி ஒருவருக்கு மணித்தியாலத்தில் 15. எண்ணிக்கையை இலக்காக வைக்காதீங்க மச்சான். 60 தாள் தொடக்கம் முதல் முடிவு வரை சரியாகப் போனால் அந்தப் பதினாறு பேருக்கும் மிச்ச வேலை விளங்கும். இருவர் தனித்தனியே ஒரே பத்துச் சுட்டியைப் பதிந்து ஒப்பிட்டுப் பார்ப்பதை மறக்காமல் வையுங்க, எங்கே வித்தியாசம் வருதோ அங்கேதான் விதி எழுத வேணும்.

கண்ணாக்காடு · ஓகஸ்ட் 15, காலை 6.20

விதியை அன்றன்றே ஒரு கொப்பியில் எழுதுங்க. மையழிந்த சொல்லுக்கு என்ன குறி, வாசிக்க முடியாத பெயருக்கு என்ன செய்வது, ஒரு தாளில் இரண்டு செடி இருந்தால் எத்தனை இலக்கம். மூன்றாம் நாள் பின்னேரம் அந்தக் கொப்பிதான் கைநூல். பட்டறை முடிந்து கிழமைக்கு ஒரு பின்னேரம் இந்த வேலைக்கென்று இருக்கப் போவது ஆர் என்பதையும் போக முதல் பெயர் சொல்லித் தீருங்க. ஆள் குறிக்காத இடங்களில் கமரா அலுமாரிக்குள் போய்விடும்.

உலர்பெட்டி · ஓகஸ்ட் 15, இரவு 8.30

மாணவர்கள் இதோடு நிற்கமாட்டார்கள், மழைக்குள் புதிதாகச் சேகரிக்கப் போவார்கள். கார்த்திகை, மார்கழியில் வெயிலை நம்பி அழுத்துபலகையை வெளியே வைத்தால் எல்லாம் கறுத்துவிடும். பலகைப் பெட்டிக்குள் 60 வோட் பழைய குமிழ் இரண்டு மூன்று, மேலே கம்பித்தட்டு, காற்றுப்போகத் துளை. 40 முதல் 45 பாகை. அடம்பன் போன்ற நீர்ப்பிடிப்பான இலையை அழுத்த முதல் கொதிநீரில் ஒரு நிமிடம் தோயுங்க, இல்லாவிட்டால் அழுத்துபலகைக்குள்ளேயே கிடந்து உயிரோடு இருந்து இலையைக் கழற்றும். பூவை மட்டும் தோய்க்காதீங்க. தில்லை மரம் வெட்டுபவர் கண்ணுக்குக் கண்ணாடி போட வேணும், பால் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

அன்றே உலர்த்த வழியில்லையென்றால் பத்திரிகைத் தாள்களுக்கிடையில் வைத்துக் கட்டி, தடித்த பொலித்தீன் பையில் இட்டு, 60 முதல் 70 வீத ஸ்பிரிட் ஊற்றி ஊறவிட்டு இறுக்கிக் கட்டுங்க. கிழமைக்கணக்கில் பழுதாகாது, திரும்பி வந்து உலர்த்தலாம். நிறம் போகும், மரபணுவும் கெடும், அதால் இலைத் துண்டு ஒன்றைச் சிலிக்கா ஜெல்லில் தனியாக எடுத்து வையுங்க. பூவின் நிறத்தைப் பறித்த இடத்திலேயே பென்சிலால் எழுதுங்க.

அக்கரைப்பற்றான் · ஓகஸ்ட் 15, இரவு 9.05

அந்த ஸ்பிரிட் கட்டைப் பஸ்ஸில் ஏற்றாதீங்க. பை கசிந்தால் சனம் நிறைஞ்ச வண்டிக்குள் ஆவி நிற்கும், ஆராவது ஒருவர் நெருப்புக்குச்சி தட்டினால் போதும். சொந்த வாகனம், இரட்டைப் பை, மூடியுள்ள வாளி, கண்ணாடி இறக்கின சன்னல். வெளிக்கள அனுமதிக் கடிதத்தின் பிரதியும் அந்த வாளியோடயே இருக்கட்டும், சோதனைச்சாவடியில் கேட்பார்கள்.